பெல்டியர் வச்சு ராஸ்பெர்ரி பையை கூல் பண்ணப் போனா, இருந்த சூடும் கூடிடுச்சு

கேபிள்குப்பை:
பெங்களூர் பிடிஎம்-ல இருக்கேன். டிவி ஸ்டாண்டு கப்போர்டுக்குள்ள ராஸ்பெர்ரி பை 5-ன்னு ஒரு குட்டி கம்ப்யூட்டர் ஓடுது, படம் பாட்டு எல்லாம் அதுலதான், மதியம் ஆனா 80 டிகிரிய தொட்டு ஸ்லோ ஆயிடுது. போன சனிக்கிழமை எஸ்பி ரோட்ல ஒரு கடைல பெல்டியர் 12706 பார்த்தேன், கரண்ட் குடுத்தா ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகுற தகடு, 4 சென்டிமீட்டர் சதுரத்துல வெள்ளையா பிஸ்கட் மாதிரி, கடைக்காரர் அங்கேயே கரண்ட் குடுத்து விரல் வச்சு பாருங்கன்னார், ஜில்லுன்னு இருந்துச்சு, வாங்கிட்டேன். சிப்பு மேல சூடு கடத்துற பேஸ்ட் தடவி உக்கார வச்சு, மேல சூட்ட காத்துல விடுற ஒரு சின்ன ஹீட்சிங்க், 12 வோல்ட் அடாப்டர். முதல் ரெண்டு நிமிஷம் 35 டிகிரி, பத்தாவது நிமிஷம் 85! ஹீட்சிங்க்ல கை வைக்க முடியல. வயர் மாத்தி குடுத்துட்டேனா? இன்னொரு டவுட், அந்த சூட்டையே கரண்ட் ஆக்கி ஒரு ஃபேன் ஓட்ட முடியாதா?

லேப்மாமா:
வயர் சரிதான் தம்பி, கணக்குதான் தப்பு. பை மிஞ்சிப்போனா 10 வாட் சூடு விடும், அத வெளிய தள்ள நீங்க பெல்டியருக்கு குடுக்குறது 50 வாட், ஆக அந்த சுண்டைக்கா ஹீட்சிங்க் 60 வாட்ட இறக்கணும், அதுவும் மூடுன கப்போர்டுக்குள்ள. வேலில போன ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டீங்க. இது சூட்ட அழிக்காது, இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் தூக்கிப் போடும், தூக்குற கூலியும் சூடாத்தான் வந்து சேரும். கரண்ட நிறுத்துனாலும் ஆபத்துதான், ஹீட்சிங்க்ல இருக்குற சூடு அது வழியாவே சிப்புக்கு திரும்பி வரும். பெரிய ஹீட்சிங்க் போட்டு ஜெயிச்சீங்கன்னா வேற தலைவலி, நம்ம ஊரு மழைக்காலத்துல 20 டிகிரிக்கு கீழ போனா சிப்ப சுத்தி பனி மாதிரி தண்ணி கோத்துக்கும், போர்டு காலி.

கோவைக்காரன்_மாரத்தஹள்ளி:
ஏனுங்க மாமா, அப்ப பெல்டியரே வேஸ்ட்டுங்களா? என் கார்ல இருக்குற குட்டி ஃபிரிட்ஜு இதுலதானுங்க ஓடுது.

லேப்மாமா:
வேஸ்ட்னு யாரு சொன்னா. கம்ப்ரஸர் வைக்க இடமில்லாத எடத்துல, கரண்ட் செலவு பத்தி கவலப்படாத எடத்துல இத அடிச்சுக்க ஆளே இல்ல. கோவிட் டைம்ல எல்லாரும் பிசிஆர் டெஸ்ட் எடுத்தோமே, அந்த மெஷின்கள்ல பலதுல இதேதான், 95 டிகிரிக்கு ஏத்தி உடனே 60-க்கு இறக்கணும், கரண்ட் திசைய திருப்புனா போதும், சூடாக்குற பக்கமே குளிர ஆரம்பிச்சிடும். ஃபைபர் லைன்ல இருக்குற லேசர் பலதுக்கும் இதான், டெம்பரேச்சர் ஆடுனா அலைநீளமும் ஆடும்ல.

சால்டர்புகை:
ஃபேன் மேட்டருக்கு வரேன், முடியும் ஆனா முடியாது. 12706-க்குள்ள 127 ஜோடி பிஸ்மத் டெல்லுரைடு செமிகண்டக்டர் துண்டுங்க, ரெண்டு பக்கத்துக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தா ஜோடிக்கு சுமார் 0.4 மில்லிவோல்ட் வரும், மொத்தமா டிகிரிக்கு 50 மில்லிவோல்ட்னு வைங்க. ரெண்டு பக்கத்துக்கும் 20 டிகிரி வித்தியாசம் இருந்தா 1 வோல்ட், உள்ள 2 ஓம் ரெசிஸ்டன்ஸ், அதிகபட்சம் எட்டுல ஒரு பங்கு வாட்தான் உருவ முடியும். அதுக்காக சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவுல இத சொருகுனா சூடு இறங்கவே வழியில்லாம இன்னும் கொதிக்கும். 1977-ல கெளம்புன வாயேஜர் விண்கலம் இன்னிக்கும் இந்த தத்துவத்துல ஓடுதுன்னா, அங்க ஒரு பக்கம் புளூட்டோனியம் சூடு மறுபக்கம் விண்வெளிக் குளிரு. நம்ம கப்போர்டுல ரெண்டும் கெடையாது.

கேபிள்குப்பை:
பெல்டியர கழட்டிட்டேன். ராஸ்பெர்ரி பை-க்குன்னே விக்கிற ஃபேன் வச்ச கூலர் போட்டு, கப்போர்டு பின்பலகைல ரெண்டு ஓட்டை, ஹவுஸ் ஓனருக்கு தெரியாது. இப்ப 58 தாண்டல. பெல்டியர எம்பொண்ணு எடுத்துக்கிட்டா, கீழ ஐஸ் தட்டு மேல காபி டம்ளர்னு வச்சு மல்டிமீட்டர்ல 1.3 வோல்ட் காட்டுனா. சிவப்பு எல்இடி மட்டும் எரியல, ஒரே அழுகை. இன்னொன்னு வாங்கி சீரியல்ல போட்டு வோல்ட்ட கூட்டணுமாம், சனிக்கிழமை மறுபடியும் எஸ்பி ரோடு.