வெயில் ஏறினால் தொண்டை கட்டிக்கொள்ளும் ஜெர்மானியம் ஃபஸ் பெடல்: வழி சொல்லுங்கள்

மாடி கிட்டார் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்னை பெரம்பூரில் இருக்கிறேன். நானே செய்த முதல் பெடலில் (கிட்டார் ஒலியை முரடாக்கும் ஃபஸ் பெட்டி) ஒரு சிக்கல்.

1966இல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்ட, வட்டப் பெட்டியில் வந்த ஃபஸ் ஃபேஸின் சுற்றைத்தான் வெரோபோர்டில் (துளைகளும் செம்புப் பட்டைகளும் உள்ள பலகை) கட்டியிருக்கிறேன். இரண்டே டிரான்சிஸ்டர்கள், இரண்டும் ஏசி128 என்ற பிஎன்பி வகை ஜெர்மானியம். அவை என் தாத்தாவின் ரேடியோவில் ஒலிபெருக்கியை ஓட்டிக்கொண்டிருந்தவை. ரேடியோவின் மரப்பெட்டியைக் கரையான் தின்றுவிட்டது. அந்த இரண்டு டிரான்சிஸ்டர்களை மட்டும் கழற்றி ஒரு தீப்பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தேன். மல்டிமீட்டரில் போட்டுப் பார்த்தபோது ஒன்று 82, இன்னொன்று 97 என்று பெருக்கம் (மின்னோட்டத்தை எத்தனை மடங்காக்கும் என்ற அளவு) காட்டியது. குறைந்ததை முதல் இடத்திலும் கூடியதை இரண்டாம் இடத்திலும் வைக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வதால் அப்படியே வைத்தேன்.

ஏசி ஓடும் அறையில் வாசித்தால் அப்படியொரு இனிமை. கிட்டாரின் ஒலியளவுத் திருகைக் கொஞ்சம் குறைத்தால் இரைச்சல் கரைந்து மணிபோலத் தெளிவாகிறது. மாலை நான்கு மணிக்கு மொட்டைமாடிக்கு எடுத்துப் போனால் பத்து நிமிடத்தில் குரல் அடைபடுகிறது. தந்தியை ஓங்கி அடித்தால்தான் ஒலி வருகிறது. அதுவும் தும்மியதுபோல் வந்து பாதியில் அறுந்துபோகிறது. மெதுவாக மீட்டினால் ஒன்றுமே இல்லை. திரும்ப அறைக்குக் கொண்டுவந்தால் அரை மணி நேரத்தில் சரியாகிவிடுகிறது.

சிலிக்கான் டிரான்சிஸ்டருக்கு மாறிவிடு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இந்த இரண்டையும் ஒலிக்கவைக்கத்தான் பெடலே செய்தேன்.

நாகர்கோவில் சால்டர் எழுதியது:

சூட்டில் வந்து குளிரில் போகும் கோளாறு என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது சரியாகப் பிடிக்காத சால்டரைத்தான். சூட்டில் உலோகம் விரியும்போது அங்கே தொடர்பு விட்டுப்போகும். பென்சில் முனையால் ஒவ்வொரு இணைப்பையும் மெல்ல அழுத்திக்கொண்டே வாசித்துப் பாருங்கள். மங்கலாக, மணல்போல் தெரியும் இணைப்புகளை மீண்டும் உருக்குங்கள்.

மின்சாரம் எதிலிருந்து கொடுக்கிறீர்கள்? பிஎன்பி சுற்றில் நேர்முனைதான் தரை (கிரவுண்ட்). மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோத்தீர்களானால் கேபிளின் உறை வழியாகவே அடாப்டர் குறுக்குச்சுற்று ஆகிவிடும்.

மாடி கிட்டார் எழுதியது:

எல்லா இணைப்புகளையும் மறுபடி உருக்கிவிட்டேன் அண்ணா. மாற்றம் இல்லை. தனி 9 வோல்ட் பேட்டரியில்தான் ஓடுகிறது, வேறு எதனோடும் கோக்கவில்லை.

பழைய வானொலி எழுதியது:

தம்பி, சால்டரில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இணைப்பு விட்டால் கறகறவென்று சத்தம் வரும், தட்டினால் மாறும். நீங்கள் சொல்வது மெல்ல மெல்ல மூச்சு அடங்குவது. மதுரையில் முப்பது வருடம் ரேடியோ பழுது பார்த்தவன் நான். சித்திரை வெயிலில் இதே நோயோடு எத்தனையோ செட்டுகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன.

அளவு எடுக்காமல் பேசுவதில் பயனில்லை. மல்டிமீட்டரின் சிவப்புக் கம்பியை டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில் ஏற்பான் (கலெக்டர்) எனப்படுவதிலும் கறுப்பைத் தரையிலும் வையுங்கள். இரண்டு டிரான்சிஸ்டர்களின் ஏற்பானிலும் எவ்வளவு வோல்ட் என்று ஏசி அறையில் ஒருமுறையும் மாடியில் ஒருமுறையும் எழுதுங்கள். இரண்டாவதன் ஏற்பானில் என்ன மின்தடை போட்டிருக்கிறீர்கள் என்பதும் வேண்டும்.

மாடி கிட்டார் எழுதியது:

எடுத்துவிட்டேன் ஐயா.

ஏசி அறை, 24 டிகிரி: முதலாவது –0.46, இரண்டாவது –4.5 வோல்ட்.
மாடி, நிழலில் 36 டிகிரி: முதலாவது –0.25, இரண்டாவது –7.2 வோல்ட்.

இரண்டாவதன் ஏற்பானில் 8.2 கிலோஓமுக்குப் பதிலாக 20 கிலோஓம் டிரிம்மர் (திருகி மாற்றக்கூடிய மின்தடை). அதைத் திருகித்தான் –4.5க்குக் கொண்டுவந்தேன். இப்போது சுமார் 12.5 கிலோஓமில் நிற்கிறது. அதோடு தொடராக 470 ஓம்.

பழைய வானொலி எழுதியது:

நோய் உங்கள் எண்களிலேயே இருக்கிறது. 8.2 போட வேண்டிய இடத்தில் 12.5 தேவைப்பட்டதே முதல் அறிகுறி. அறையிலேயே உங்கள் முதல் டிரான்சிஸ்டர் கசிந்துகொண்டிருந்தது. டிரிம்மர் அதை மூடி மறைத்துவிட்டது.

ஜெர்மானியத்தில் அடிவாய்க்கு (டிரான்சிஸ்டரை ஆளும் கால்) எதுவும் கொடுக்காமலேயே ஏற்பானிலிருந்து ஒரு சிறு மின்னோட்டம் ஒழுகும். 10 டிகிரி ஏறினால் அது ஏறத்தாழ இரட்டிக்கும். உங்கள் சுற்றில் முதல் டிரான்சிஸ்டருக்கு மேலே 33 கிலோஓம் இருக்கிறது. 9 வோல்ட்டில் அதன் வழியே ஓடக்கூடியது மொத்தமே சுமார் 250 மைக்ரோஆம்பியர். அறையில் அதில் 100 கசிவு என்று வைத்துக்கொள்ளுங்கள், மீதி 150ஐ அடிவாய் ஆள்கிறது. 36 டிகிரியில் கசிவே 230 ஆகிவிடும். அடிவாய்க்கு ஆள என்ன மிச்சம்? இரண்டாவதன் உமிழ்ப்பானிலிருந்து (எமிட்டர் என்ற மூன்றாவது கால்) 100 கிலோஓம் வழியாகத் திரும்பிவரும் மின்னோட்டம்தான் இந்தச் சுற்றைச் சமநிலையில் நிறுத்துகிறது. முதலாவதுக்கு அது தேவையே இல்லை என்றானதும் இரண்டாவது ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. அதன் ஏற்பான் 9 வோல்ட்டை நோக்கி நகர்கிறது. பெரிய அலை மட்டும் கதவைத் தள்ளித் திறக்கிறது, சிறியது வெளியிலேயே நின்றுவிடுகிறது. நீங்கள் கேட்கும் தும்மல் அதுதான்.

இதை உறுதிசெய்ய மாடியிலேயே ஒரு சோதனை. ஒரு தேக்கரண்டியைப் பனிக்கட்டியில் வைத்துக் குளிரவைத்து, ஈரம் படாமல் சிறு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, முதல் டிரான்சிஸ்டரின் உலோகத் தொப்பியில் மட்டும் தொட்டுப்பிடியுங்கள். பிறகு இரண்டாவதைத் தனியாகத் தொடுங்கள்.

மாடி கிட்டார் எழுதியது:

ஐயா, முதலாவதைத் தொட்ட சில நொடிகளில் ஒலி திரும்பிவிட்டது! என் கண்முன்னே –7.2 இறங்கி –5ஐத் தொட்டது. இரண்டாவதைத் தொட்டபோது பெரிதாக எதுவும் மாறவில்லை. அப்படியென்றால் தாத்தாவின் டிரான்சிஸ்டரில் ஒன்று கெட்டுவிட்டதா?

பழைய வானொலி எழுதியது:

கெடவில்லை. அதை வைத்த இடம்தான் தவறு. ஆனால் அடுத்த வேலைக்கு முன் ஒன்று: மல்டிமீட்டரின் பெருக்க அளவை ஜெர்மானியத்துக்கு நம்பாதீர்கள். அது கசிவையும் பெருக்கத்தோடு கூட்டிச் சொல்லிவிடும். பிரித்து அளக்கும் முறை எளிது.

பேட்டரியின் நேர்முனையை உமிழ்ப்பானுக்குக் கொடுங்கள். ஏற்பானிலிருந்து 2.4 கிலோஓமும் 68 ஓமும் தொடராக எதிர்முனைக்குப் போகட்டும். அடிவாயை எதிலும் இணைக்காமல், அந்த மின்தடைகளின் குறுக்கே வோல்ட் பாருங்கள், அது கசிவு. பிறகு அடிவாய்க்கும் எதிர்முனைக்கும் இடையே 2.2 மெகாஓம் போட்டு மறுபடி பாருங்கள். இரண்டாவது அளவிலிருந்து முதலாவதைக் கழித்து நூறால் பெருக்கினால் உண்மையான பெருக்கம். டிரான்சிஸ்டரை விரலால் பிடித்துக்கொண்டு அளக்காதீர்கள். உடல் சூட்டிலேயே எண் ஏறிக்கொண்டே போகும். மேசையில் வைத்து, ஐந்து நிமிடம் ஆறவிட்டு அளக்கவும்.

யாழ் பேஸ் எழுதியது:

இடையில் வந்ததற்கு மன்னிக்கவும். யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். இதே சுற்றைப் பேஸ் கிட்டாருக்காகக் கட்டினேன். சூட்டுப் பிரச்சினை இங்கேயும் உண்டு, அதற்கு இந்த இழையே விடை தந்துவிட்டது. ஆனால் தடித்த தந்தியின் அடிநாதம் பெடலை மிதித்ததும் மெலிந்துவிடுகிறது. உள்ளே வரும் 2.2 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரைப் பெரிதாக்க வேண்டுமா?

நாகர்கோவில் சால்டர் எழுதியது:

உள்வழியில் இருப்பது போதும், அது 10 ஹெர்ட்ஸ் அளவுக்குக் கீழுள்ள ஒலியைத்தான் வெட்டும். வெளியே போகும் வழியில் 0.01 மைக்ரோஃபாரட் இருக்கிறதே, அதைப் பாருங்கள். 500 கிலோஓம் ஒலியளவுத் திருகோடு சேர்ந்து அது 32 ஹெர்ட்ஸில் வெட்டுகிறது. ஒலியளவை முழுக்கத் திறந்து 1 மெகாஓம் உள்தடை உள்ள ஆம்பில் செருகினால் வெட்டு 48 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். பேஸின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். அந்த இடத்தில் 0.1 மைக்ரோஃபாரட் போடுங்கள். நான் பேஸுக்குக் கட்டிய இரண்டிலும் அதுதான் போட்டேன்.

டியூனர் போன்ற பஃபர் (சிக்னலை வலுப்படுத்தி அனுப்பும் சிறு சுற்று) உள்ள பெடல் எதையும் இந்த ஃபஸுக்கு முன்னால் வைக்காதீர்கள். இதன் உள்தடை மிகக் குறைவு. கிட்டாரின் பிக்கப்போடு (தந்தியின் அதிர்வை மின்னலையாக்கும் காந்தச் சுருள்) நேரடியாகச் சேரும்போதுதான் திருகைக் குறைத்தால் தெளியும் அந்தக் குணம் வரும். இடையில் பஃபர் வந்தால் குளவிக்கூட்டைக் கலைத்ததுபோல் இருக்கும்.

மாடி கிட்டார் எழுதியது:

24 டிகிரியில், பேட்டரி சரியாக 9 வோல்ட் இருக்கும்போது அளந்தேன்.

மல்டிமீட்டர் 82 என்றது: கசிவு 0.25 வோல்ட், பிறகு 0.96. உண்மைப் பெருக்கம் 71.
மல்டிமீட்டர் 97 என்றது: கசிவு 0.09 வோல்ட், பிறகு 1.02. உண்மைப் பெருக்கம் 93.

0.25 வோல்ட் என்றால் 100 மைக்ரோஆம்பியர். நீங்கள் அளக்காமலேயே சொன்ன எண், ஐயா!

பழைய வானொலி எழுதியது:

இரண்டையும் இடம் மாற்றுங்கள். 93 பெருக்கமும் 35 மைக்ரோஆம்பியர் கசிவும் உள்ளது முதலில் வரட்டும். கசிவது இரண்டாவதாக நிற்கட்டும். அங்கே உமிழ்ப்பானின் வோல்ட்டை முதலாவதுதான் நிர்ணயிக்கிறது, அதனால் அந்தக் கசிவு சுற்றை அவ்வளவாக அசைக்காது. குறைந்த பெருக்கம் முன்னால் என்ற விதி நல்ல விதிதான், ஆனால் நம் ஊர் வெயிலில் கசிவைப் பார்த்த பிறகே பெருக்கத்தைப் பார்க்க வேண்டும்.

நேரடியாகச் சால்டர் செய்யாமல் மூன்று துளைச் சாக்கெட்டுகளைப் பதித்து அதில் செருகுங்கள். ஜெர்மானியம் சால்டரிங் அயர்னின் சூட்டைத் தாங்காது. செய்தே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு காலையும் மூக்குக் குறட்டால் பிடித்துக்கொள்ளுங்கள், சூடு குறட்டுக்குப் போய்விடும்.

டிரிம்மரை ஏசி அறையில் வைத்துத் திருகாதீர்கள். நீங்கள் வாசிக்கும் இடத்தின் நடுத்தரச் சூட்டில், 30 டிகிரி அளவில், –4.5க்கு வையுங்கள். அப்போது குளிரில் கொஞ்சம் கீழேயும் வெயிலில் கொஞ்சம் மேலேயும் போய்வரும், எங்கேயும் அறுந்துபோகாது. பெட்டி கறுப்பு வண்ணமா?

மாடி கிட்டார் எழுதியது:

கறுப்புதான் ஐயா. நேற்று மாலை எல்லாம் செய்து முடித்தேன். முதலில் 24 டிகிரியில் –4.5 வைத்துப் பார்த்தபோது மாடியில் –5.5தான் ஆனது. பிறகு நீங்கள் சொன்னபடி விசிறி மட்டும் ஓடும் அறையில் மீண்டும் திருகி வைத்தேன். மாடியில் ஒன்றரை மணி நேரம் வாசித்தேன். ஒலி ஒருமுறைகூட அடைபடவில்லை. கிட்டார் திருகைக் குறைத்தால் தெளிகிற அந்த மணியோசையும் அப்படியே இருக்கிறது. சொல்லப்போனால் முன்பைவிட இரைச்சல் குறைவு.

அம்மா மாடிக்கு வந்து, இதிலா தாத்தா ரேடியோவின் டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன என்று கேட்டார். மூடியைத் திறந்து காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

உங்கள் மூவருக்கும் மனமார்ந்த நன்றி.

பழைய வானொலி எழுதியது:

மகிழ்ச்சி தம்பி. பெட்டிக்கு வெள்ளை அடித்துவிடுங்கள், வாசிக்கும்போது நிழலில் வையுங்கள். நேர் வெயிலில் மூடிய உலோகப் பெட்டிக்குள் 50 டிகிரியைத் தாண்டினால் நல்ல டிரான்சிஸ்டரும் திணறும். கோடையில் தொல்லை மிஞ்சினால் இதே இழையில் எழுதுங்கள்.

யாழ் பேஸ் எழுதியது:

0.1 மைக்ரோஃபாரட் போட்டேன். அடிநாதம் முழுதாகத் திரும்பிவிட்டது. என் டிரான்சிஸ்டர்களையும் அந்த 2.2 மெகாஓம் முறையில் அளந்தேன். ஒன்று அடிவாய் இணைக்காமலேயே 1.3 வோல்ட் காட்டுகிறது. அது 500 மைக்ரோஆம்பியருக்கும் மேலே அல்லவா? இதை இரண்டாம் இடத்திலாவது வைக்கலாமா ஐயா?

பழைய வானொலி எழுதியது:

வேண்டாம். அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு வேறொன்றை அளந்து பாருங்கள்.