புதிதாக வந்த சுகர் கிளைடர் கையை நீட்டினாலே கத்துகிறது, எப்படிப் பழக்குவது?

பள்ளத்தூர்வாசி:

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் படிக்கும் என் மகன் விடுமுறைக்கு வந்தபோது தோலை விரித்து மிதந்து தாவும் சிறு பிராணியான சுகர் கிளைடரின் குட்டி ஒன்றை வாங்கி வந்தான்; விடுதியில் வளர்க்க அனுமதியில்லை என்பதால் எங்களிடமே விட்டுச் சென்றுவிட்டான். அது வந்து ஆறு நாள்கள் ஆகின்றன. பகல் முழுவதும், நான் மடித்துப் போட்ட பழைய கண்டாங்கிச் சேலைத் துணிக்குள் சுருண்டு கிடக்கிறது. கையை நீட்டினால் போதும், பின்னங்கால்களில் எழுந்து நின்று, அந்தச் சிறிய உடம்பிலிருந்துதான் வருகிறதா என்று திகைக்கும் அளவுக்குக் கரகரத்த குரலில் கத்துகிறது. நேற்று விரலைக் கடித்தும் விட்டது. ஆப்பிளும் பிஸ்கட்டும் கொடுத்தால் போதும் என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். கூண்டு வளவில், முற்றத்தை ஒட்டிய தூணருகே இருக்கிறது. மாலையில் முற்றத்தில் சற்றுத் திறந்துவிட்டால் தானே பழகிவிடும் என்று என் மாமியார் சொல்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?

தேவகோட்டை வளர்ப்பாளர்:

வணக்கம் ஆச்சி. முற்றத்தில் திறந்துவிட வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதன் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே விரியும் தோலைக் கொண்டு ஒரே தாவலில் 50 மீட்டர் வரை மிதந்து செல்லக்கூடிய பிராணி அது. வானம் பார்த்த முற்றத்திலிருந்து ஓட்டுக் கூரைக்கு ஏறிவிட்டால் பிறகு உங்கள் கைக்குக் கிடைக்காது. ஓட்டின் மேல் நடமாடும் பூனைகளின் கையில்தான் கிடைக்கும்.

அது கத்துவது பயத்தினால். ஆஸ்திரேலியா, நியூ கினி காடுகளில் மரப்பொந்துகளில் கூட்டமாக வாழ்ந்து, தன் கூட்டத்தாரை வாசனையால் அடையாளம் கண்டுகொள்ளும் உயிரினம், பகலில் தூங்கும்போது அறியாத வாசனையோடு மேலிருந்து இறங்கும் ஒரு கையை ஆந்தையின் நகமாக எண்ணுவதில் வியப்பில்லை. ஆகவே இன்னும் சில நாள்கள் கூண்டுக்குள் கையை விடாதீர்கள். நீங்கள் ஓரிரவு உடுத்திய, சோப்போ வாசனைத் திரவியமோ படாத பருத்தித் துணியில் சிறு துண்டைப் படுக்கையருகே கட்டி வையுங்கள். அடுத்ததாக, ஃப்ளீஸ் என்னும் மெத்தென்ற கம்பளி போன்ற துணியில் ஒரு சிறு பை தைத்து, அது அதற்குள் தூங்கியதும் பையோடு எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உங்கள் வேலைகளைப் பாருங்கள். உங்கள் குரலும் சூடும் வாசனையும் அதன் தூக்கத்தோடு சேர்ந்துவிடும். பழக்குவதற்கு இதைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை.

அந்தக் கண்டாங்கித் துணியை இன்றே எடுத்துவிடுங்கள். பழைய நெசவில் நூல் பிரியும், நகம் சிக்கும். என் முதல் கிளைடரின் விரலில் ஒற்றை நூல் சுற்றிக்கொண்டு, விடிந்து பார்த்தபோது அவ்விரல் நாவற்பழம் போலக் கறுத்து வீங்கியிருந்தது. நூலை வெட்டி எடுக்கக் கையில் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு நான் நடுங்கியது இன்னும் மறக்கவில்லை.

இரவு எட்டு மணிக்கு மேல் அது விழித்திருக்கும்போது, விரல் நுனியில் ஒரு சொட்டுத் தேனைத் தடவிக் கம்பிக்கு வெளியே நீட்டி, அசையாமல் இருங்கள். கடித்தாலும் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். இழுத்தால், ‘கடித்தால் கை விலகிவிடும்’ என்று அது கற்றுக்கொள்ளும். சிலவற்றுக்கு இரண்டு வாரம் போதும், சிலவற்றுக்கு மாதங்கள் ஆகும்.

காரைக்குடி கால்நடை மருத்துவர்:

பழக்குவதைப் பற்றி மேலே சரியாகவே எழுதியிருக்கிறார்கள். எனக்குக் கவலை தருவது ஆப்பிளும் பிஸ்கட்டும்தான். இவ்வுணவில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. பல வாரங்கள் இப்படியே போனால் எலும்பு மென்மையாகிப் பின்னங்கால்கள் இழுத்துக்கொள்ளும். உணவில் கால்சியம் பாஸ்பரசைப் போல் இரு மடங்கு இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பலரும் பயன்படுத்தும் லெட்பீட்டர் கலவையை வீட்டிலேயே செய்யலாம்: வெதுவெதுப்பான நீர் 150 மில்லி, தேன் 150 மில்லி, ஓடு நீக்கிய அவித்த முட்டை ஒன்று, புரதம் மிகுந்த குழந்தை உணவுப் பொடி 25 கிராம், வைட்டமின் தாதுப் பொடி ஒரு தேக்கரண்டி. இதைப் பாதி உணவாகவும், கால்சியம் தூவிய பூச்சிகள் முதலான புரத உணவை மறுபாதியாகவும் கொடுங்கள். காட்டில் அது வேல மரங்களின் பிசினைக் கொறித்துத் தின்னும்; எனவே நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் தூய கருவேலம் பிசினைச் சிறிதளவு கொடுக்கலாம். சாக்லேட், வெங்காயம், பூண்டு ஆகியவற்றை அருகில் கொண்டு போகாதீர்கள்.

கூண்டின் இடத்தையும் மாற்றுங்கள். 24 முதல் 27 டிகிரி வரை அதற்கு இதமான வெப்பம். நம் சித்திரை வெயிலில் முற்றத்தின் ஓரம் அதை வாட்டிவிடும். ஆத்தங்குடித் தரையும் சுண்ணாம்புச் சுவரும் கொண்ட உள் அறைதான் நல்லது. சாம்பிராணிப் புகை அங்கே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுவயல் வாசகர்:

அறைக்குள் திறந்துவிடும் காலம் வரும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், கழிப்பறைக் கதவை மூடிவிடுங்கள். தண்ணீரில் விழுந்து இறப்பவை உண்டு. இன்னொன்று, இது தனியே வாழும் பிறவி அன்று. 10 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. இரவு முழுவதும் நீங்கள் விழித்திருக்க முடியாது. வாய்ப்பிருந்தால் துணைக்கு ஒன்று தேடுங்கள். ஆணும் பெண்ணுமாக வைப்பதாக இருந்தால் ஆணுக்குக் கருத்தடை செய்வதைப் பற்றி மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

பள்ளத்தூர்வாசி:

மூவருக்கும் நன்றி. கண்டாங்கித் துணியை எடுத்தபோது அதன் ஓரத்தில் இரண்டு நூல்கள் வளையமாகத் தொங்கின, பார்த்ததும் பதறிவிட்டேன். கூண்டு இப்போது இரண்டாங்கட்டில் உள்ள அறையில் இருக்கிறது. பையை என் மாமியாரே கையால் தைத்துக் கொடுத்துவிட்டார்கள். நேற்றிரவு தேனை நக்க வந்து, பாதியில் ஒரு முறை கத்தி, மறுபடியும் வந்து நக்கியது. அதன் நாக்கு அத்தனை சின்னதாகவும் சூடாகவும் இருந்தது. மருத்துவர் ஐயா, அந்தக் கலவையைக் குளிர்சாதனப் பெட்டியில் எத்தனை நாள் வைக்கலாம்?

காரைக்குடி கால்நடை மருத்துவர்:

இரண்டு மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். மீதியைச் சிறு சிறு கட்டிகளாக உறைய வைத்துக்கொள்ளலாம். இரவில் வைத்தது காலையில் எஞ்சியிருந்தால் கொட்டிவிடுங்கள்.