சிறார் அறிவியல் கதையில் செடி ஆசைப்படலாமா?

கேள்வி: முகிழ்

ஏழெட்டு வயதுக் குழந்தைகளுக்காக ஓர் அறிவியல் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். சன்னலோரத் தொட்டியில் முளைத்த நாற்று, வெளிச்சம் வரும் பக்கமாக வளைவதே கதை. "சின்னச் செடி சூரியனைப் பார்க்க ஆசைப்பட்டது, மெல்லத் தலையைத் திருப்பியது" என்று தொடங்கியிருக்கிறேன். வாசித்துக் காட்டியபோது குழந்தைகள் ரசித்தார்கள். ஆனால் உண்மையில் நடப்பது வேறு. நிழல் விழும் பக்கத்தில் ஆக்சின் என்னும் ஹார்மோன் மிகுதியாகச் சேர, அப்பக்கத்துச் செல்கள் மறுபக்கத்துச் செல்களைவிடக் கூடுதலாக நீள்கின்றன. அதனால் தண்டு வெளிச்சத்தின் பக்கம் சாய்கிறது. ஆசையை எடுத்துவிட்டால் கதை பாடப்புத்தகம் போல ஆகிவிடுகிறது. வைத்துக்கொண்டால் மனம் உறுத்துகிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்?

பதில் 1: ஏட்டுச்சுவடி

உறுத்தல் நியாயமானதே. மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வொன்று 2014இல் வெளிவந்தது. விலங்குகள் மனிதரைப் போல நினைப்பதாகவும் பேசுவதாகவும் எழுதப்பட்ட படக்கதைகளைக் கேட்ட குழந்தைகள், உண்மையான விலங்குகளுக்கும் அந்தக் குணங்களை ஏற்றிச் சொன்னார்கள். அதே ஆண்டு வெளிவந்த இன்னோர் ஆய்வு நமக்குத் தெம்பளிப்பது. ஐந்து முதல் எட்டு வயதுக் குழந்தைகளுக்கு இயற்கைத் தேர்வை விளக்க, பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'பைலோசா' என்ற கற்பனை விலங்கை வைத்துப் படக்கதை ஒன்றை உருவாக்கினார்கள். இரையான பூச்சிகள் குறுகிய நிலத்தடிப் பொந்துகளுக்குள் போய்விட, ஒல்லியான துதிக்கை உடையவை பிழைத்துக் குட்டிகள் ஈன்றன. தடித்த துதிக்கை உடையவை குறைந்தன. எந்த விலங்கும் தன் துதிக்கையை மெலிய வைக்க 'விரும்பவில்லை'. அப்படியிருந்தும் குழந்தைகள் கதையைப் பின்தொடர்ந்தார்கள். மூன்று மாதம் கழித்தும் அவர்களில் பலருக்கு விளக்கம் நினைவிருந்தது. ஆகவே, ஆசையை நீக்கினால் கதை செத்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

பதில் 2: கதைப்பித்தன்

மேலே சொன்னதில் பாதியை மட்டுமே ஏற்கிறேன். ஏழு வயதுக் குழந்தைக்கு நரி பேசாது என்பது நன்றாகவே தெரியும். பேசும் நரியால் அதன் அறிவு கெட்டுவிடப் போவதில்லை. 'ஏன்' என்ற கேள்விக்கு விடை வர வேண்டிய இடத்தில் ஆசை வந்து உட்கார்ந்துகொள்வதுதான் சிக்கல். செடி ஆசைப்பட்டது, அதனால் வளைந்தது என்று முடித்துவிட்டால், கேட்பதற்கு வேறெதுவும் மிஞ்சுவதில்லை.

ஆசையை நீக்காமல் இடம் மாற்றுங்கள். செடியிடமிருந்து பிடுங்கி, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் சிறுமியிடம் கொடுங்கள். சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிசும் 1880இல் வெளியிட்ட சோதனை உங்களுக்குக் கதைக்கட்டாகவே கிடைக்கிறது. புல் நாற்றுகளின் நுனியை ஒளி புகாத சின்னக் குல்லாயால் மூடினார்கள், நாற்று வளையவில்லை. நுனியைத் திறந்துவிட்டு அடிப்பகுதியை மட்டும் மறைத்தார்கள், அது வளைந்தது. வளைவதோ நுனிக்குக் கீழே, வெளிச்சத்தை உணர்வதோ நுனி! துப்பறியும் கதைக்கு இதைவிட நல்ல முடிச்சு எங்கே கிடைக்கும்? குல்லாய் போட்ட செடியை வரைந்தால் குழந்தைகள் சிரிக்கவும் செய்வார்கள்.

பதில் 3: தூரிகை

படம் வரைகிறவள் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். எழுத்தைத் திருத்திவிட்டு, மூலையில் சிரிக்கும் சூரியனையும் அதைக் கண்கொட்டாமல் பார்க்கும் செடியையும் வரைந்துவிட்டால், குழந்தை படத்தையே நம்பும். பூமியின் பாதையை நீண்ட முட்டை வடிவில் வரைந்து, கோடையில் நாம் சூரியனை நெருங்குகிறோம் என்ற தவறான எண்ணத்தைப் பரப்பியதில் ஓவியர்களாகிய எங்களுக்கும் பங்குண்டு. அந்தப் பாதை ஏறத்தாழ வட்டம்தான், பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவதும் ஜனவரித் தொடக்கத்தில்தான். உங்கள் கதைக்குத் தண்டை நெடுக்காக வெட்டிக் காட்டும் ஒரு பெரிதாக்கிய படம் வேண்டும்: நிழல் பக்கத்துச் செல்கள் நெட்டையாகவும் வெளிச்சப் பக்கத்துச் செல்கள் குட்டையாகவும் இருக்கட்டும். அதைப் பார்த்தாலே தண்டு ஏன் சாய்கிறது என்பது விளங்கிவிடும். ஆக்சின் என்ற பெயர் பின்னிணைப்பில் வந்தால் போதும்.

முகிழ்

மூவருக்கும் நன்றி. சிறுமி, மூன்று நாற்றுகள், இரண்டு மறைப்புகள் என்று கதையை மாற்றுகிறேன். நுனி மூடியது, அடி மூடியது, மூடாதது ஆகிய மூன்றையும் ஒரே பக்கத்தில் நிமிர்ந்த நிலையில் காட்டி, எது வளையும் என்று கேட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகலாம் என்றிருக்கிறேன். தூரிகை, குல்லாயை உள்ளிருக்கும் நுனி தெரியும்படி வெட்டுத்தோற்றமாக வரைய முடியுமா?

தூரிகை

முடியும். ஆனால் முதலில் முழுக் குல்லாயையே காட்டுங்கள். வெட்டுத்தோற்றம் விடைப் பக்கத்தில் வரட்டும்.