6 அங்குல டாப்சோனியனுக்கு விலை குறைந்த ஐபீஸ் போதுமா, பெரிய விலையில் ஒன்று வாங்கலாமா?

கேள்வி: திருநகர் மாடி

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 6 அங்குல டாப்சோனியன் (கையால் தள்ளித் திருப்பும் கண்ணாடி டெலஸ்கோப்) இருக்கிறது. குவியத்தூரம் 1200 மி.மீ., அதாவது எஃப் 8 (குவியத்தூரம் கண்ணாடியின் அகலத்தைப்போல் எட்டு மடங்கு). கூடவே 25 மி.மீ., 10 மி.மீ. என்று இரண்டு ஐபீஸ் (கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லைக் குழாய்) கொடுத்திருந்தார்கள். 25-இல் நிலாவும் ஓரியன் நெபுலாவும் பிரமாதமாகத் தெரிகின்றன. வியாழனை இன்னும் பெரிதாகப் பார்க்கலாமே என்று மலிவாக 4 மி.மீ. ப்ளோசல் வகை ஐபீஸ் ஒன்று வாங்கினேன். அதில் வியாழன் கிணற்றுத் தண்ணீருக்குள் கிடக்கும் காசு மாதிரி நெளிகிறது. பட்டைகள் கரைந்துபோகின்றன. கண்ணை ஒட்டி வைத்தால்தான் ஏதாவது தெரிகிறது, இமைமுடி வில்லையில் உரசுகிறது. பார்க்க ஆரம்பிப்பதற்குள் கோள் ஓடிவிடுகிறது. 10 மி.மீ.யிலும் அவ்வளவு கூர்மை இல்லை.

பார்ப்பது வீட்டு மொட்டை மாடியில், ராத்திரி ஏழரை, எட்டு மணிக்கு. தெருப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். அவர்களுக்கு ஒழுங்காகக் காட்ட முடியவில்லையே என்பதுதான் பெரிய வருத்தம்.

தெரிந்தவர் ஒருவர் "நாக்ளர் வாங்கிவிடு, அப்புறம் வேறு எதையும் தொட மாட்டாய்" என்கிறார். அது அகலமாகக் காட்டும் உயர்ரக ஐபீஸ். அதன் விலை டெலஸ்கோப்பின் விலையையே நெருங்குகிறது. கையில் 15 ஆயிரம் இருக்கிறது. இன்னும் சேர்த்துவைத்து நல்லதாக ஒன்றே ஒன்று வாங்கலாமா, இல்லை விலை குறைந்ததில் இரண்டு மூன்று வாங்கலாமா? கண்ணாடி போடுகிறவன் நான். வலது கண்ணில் சிலிண்டர் பவர் உண்டு.

பதில்: ஒத்தக்கடை

தம்பி, பணத்தை எடுக்கும் முன்னால் கொஞ்சம் பொறுங்கள். 1200-ஐ 4-ஆல் வகுத்தால் 300 மடங்கு. 150 மி.மீ. கண்ணாடிக்கு ஏட்டளவில் அதுதான் உச்சவரம்பு. வெளிவரும் ஒளிக்கற்றை அரை மில்லிமீட்டர்தான் இருக்கும், அதனால் படம் மங்கும். நம் ஊர்க் காற்றில் பெரும்பாலான இரவுகளில் 150 முதல் 200 மடங்குக்கு மேல் போனால் கோள் பெரிதாகுமே தவிர விவரம் கூடாது. நாக்ளரிலேயே 4 மி.மீ. வாங்கினாலும் அதே 300 மடங்குதான், அதே நெளிச்சல்தான்.

உங்கள் மாடியில் தட்டோடு பதித்திருக்கிறதா? பகல் முழுக்க வாங்கிய வெயிலை அது எட்டு மணிக்குத்தான் வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சூடான காற்று உங்கள் குழாய்க்கு முன்னாலேயே எழும்புகிறது. டெலஸ்கோப்பை முக்கால் மணி நேரம் முன்னதாகவே வெளியே வைத்துவிடுங்கள். முடிந்தால் மண்தரையில் வையுங்கள். மாடிதான் என்றால் பத்து மணிக்கு மேல் பாருங்கள். பளிச்சென்று தெளிந்து காற்றடிக்கிற இரவைவிட, காற்றே அசையாத புழுக்கமான இரவில்தான் கோள்கள் அமைதியாக நிற்கும். நட்சத்திரம் அதிகம் சிமிட்டினால் அன்றைக்குக் கோள் வேண்டாம், 25-ஐப் போட்டு நட்சத்திரக் கூட்டம் பாருங்கள்.

அடுத்தது கோலிமேஷன், அதாவது டெலஸ்கோப்பின் கண்ணாடிகளை நேராக நிறுத்துவது. 10 மி.மீ.யிலேயே சுமாராகத்தான் தெரிகிறது என்கிறீர்களே, என் சந்தேகம் முழுக்க அங்கேதான். பிரகாசமான ஒரு நட்சத்திரத்தை நடுவில் வைத்து ஃபோகஸை லேசாகக் கலைத்துப் பாருங்கள். வட்டத்துக்குள் வட்டமாக வளையங்களும் நடுவில் கரும்புள்ளியும் தெரியும். கரும்புள்ளி ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் கண்ணாடிகள் நேராக இல்லை. புள்ளி நடுவில் இருந்து வளையங்கள் மட்டும் கொதித்தால் குற்றம் காற்றுடையது.

இந்தச் சோதனைக்குத் துருவ நட்சத்திரத்தைப் பார்க்கச் சொல்வார்கள், அது நகராது என்பதால். மேல்நாட்டுக்கு அது சரி. மதுரையில் அது அடிவானத்திலிருந்து 10 பாகைதான் மேலே நிற்கிறது. ஊர்ப் புழுதிக்குள் கிடக்கிற நட்சத்திரத்தை வைத்து என்ன சோதிக்க முடியும்? இப்போது மாசி மாதம், புனர்பூசம் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதில் இருக்கும் போலக்ஸைப் பிடியுங்கள். சரிசெய்த பிறகு பக்கத்திலுள்ள காஸ்டரைப் பாருங்கள். அது இரட்டை, இடைவெளி சுமார் 5 விகலை (ஒரு பாகையில் 3600 விகலை). 10 மி.மீ.யில் தனித்தனியாகப் பிரிந்தால் உங்கள் டெலஸ்கோப் நலமாக இருக்கிறது என்று அர்த்தம்.

பதில்: கண்ணாடிக் கடை, அண்ணாநகர்

கண் விஷயத்தை மட்டும் சொல்கிறேன். கிட்டப்பார்வை, தூரப்பார்வை, வெள்ளெழுத்து எதுவானாலும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸைத் திருப்பிக்கொள்ளலாம். சிலிண்டர் பவரை மட்டும் ஃபோகஸால் தீர்க்க முடியாது. ஆனால் அதன் தொந்தரவு ஒளிக்கற்றை பெரிதாக இருக்கும்போதுதான் தெரியும். உங்கள் 25 மி.மீ.யில் அது 3 மி.மீ. அகலம். அங்கே கண்ணாடியோடு பாருங்கள், அந்த ஐபீஸில் அதற்கு இடம் இருக்கும். 6 மி.மீ. போட்டால் முக்கால் மில்லிமீட்டர்தான், கண்ணாடி இல்லாமலே கோள் கூர்மையாக நிற்கும்.

நட்சத்திரம் ஒரு பக்கம் கோடாக இழுத்துத் தெரிந்தால், பார்த்துக்கொண்டே தலையைச் சாயுங்கள். கோடும் கூடவே சாய்ந்தால் குறை கண்ணில். சாயாமல் அப்படியே நின்றால் டெலஸ்கோப்பில்.

இமைமுடி உரசுவது ப்ளோசலின் சுபாவம். குவியத்தூரம் குறையக் குறையக் கண்ணை வைக்கும் இடமும் வில்லையை நெருங்கிவிடும். 4 மி.மீ. ப்ளோசலில் அது 3 மி.மீ. அளவுக்கு வந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு அதில் காட்டவே முடியாது, கண்ணைக் கொண்டுபோய் முட்டிவிடுவார்கள்.

பதில்: பேரையூர்ப் பக்கம்

ஒத்தக்கடைக்காரர் சொன்னதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். காற்றும் கோலிமேஷனும் முதலில், சரி. ஆனால் விலை உயர்ந்த ஐபீஸ் வீண் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது.

ப்ளோசல் வடிவம் 1860-இல் வியன்னாவில் வந்தது. பார்வைக் கோணம் 50 பாகை அளவு. அல் நாக்ளர் என்ற அமெரிக்கர் அப்போலோ வீரர்கள் நிலவில் இறங்கப் பழகிய சிமுலேட்டருக்கு ஒளியியல் கருவி வடிவமைத்தவர். 1977-இல் டெலிவ்யூ நிறுவனத்தைத் தொடங்கி, பிறகு 82 பாகை ஐபீஸைக் கொண்டுவந்தார். அந்த அகலம் வெறும் ஆடம்பரம் இல்லை. என்னுடையது 10 அங்குலம், அதுவும் 1200 மி.மீ.தான். சித்திரை மாதம் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து தெற்கே 32 பாகை உயரத்துக்கு வரும். டெல்லிக்காரருக்கு அது அடிவானத் தூசிக்குள் போய்விடும். எங்கள் பக்கம் மதுரை வெளிச்சம் வடகிழக்கே முதுகுக்குப் பின்னால் நின்றுவிடுவதால் தெற்கு நல்ல இருட்டு. அந்தக் கொத்து நிலாவைவிட அகலம், 36 கலை (ஒரு பாகையில் 60 கலை). 13 மி.மீ. ப்ளோசலில் 92 மடங்கு வைத்தால் அதன் ஓரங்கள் வெட்டுப்பட்டுவிடும். அதே 13 மி.மீ. நாக்ளரில் முழுக்கொத்தும் அடங்கி, சுற்றி இருட்டும் மிஞ்சும். உள்ளே ஒவ்வொரு நட்சத்திரமும் ஊசிமுனை. அதை ஒருதரம் பார்த்தவருக்கு விலை ஏன் என்று விளங்கும்.

இன்னொன்று, டெலஸ்கோப் மாறும், ஐபீஸ் கூடவே வரும். நாளை 10 அங்குலம் வாங்கினால் அது எஃப் 5-க்குக் கீழே இருக்கும். அங்கே மலிவான அகல ஐபீஸில் ஓரத்து நட்சத்திரமெல்லாம் சிறகு விரித்த குருவிபோல ஆகிவிடும்.

பதில்: ஒத்தக்கடை

ஐயா சொல்வது அவருடைய எஃப் 4.7-க்கு அப்படியே பொருந்தும். தம்பியுடையது எஃப் 8. ஒளி அவ்வளவு சரிவாக வந்து குவிவதில்லை, அதனால் விலை குறைந்த ஐபீஸும் அதில் நன்றாகவே நடந்துகொள்ளும். கோள் நடுவில் இருக்கும்வரை நல்ல மலிவு ஐபீஸுக்கும் நாக்ளருக்கும் இருக்கும் வித்தியாசத்தை அரைமணி நேரம் உற்றுப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

ஆனால் அகலம் முக்கியம் என்பதில் ஐயாவோடு நானும் நிற்கிறேன், காரணம் வேறு. டாப்சோனியனைக் கையால் தள்ள வேண்டும். உங்கள் 4 மி.மீ.யில் கோள் ஓரத்திலிருந்து ஓரம் போக 40 நொடி. வரிசையில் நிற்கும் பிள்ளை குனிந்து கண்ணை வைப்பதற்குள் பாதி போய்விடும். 66 பாகை கொண்ட 6 மி.மீ. என்றால் 200 மடங்கு, 80 நொடி கிடைக்கும். 82 பாகையில் 100 நொடிக்குக் கிட்டத்தட்ட. 40-லிருந்து 80-க்குப் போவது பெரிய மாற்றம். 80-லிருந்து 100-க்குப் போக, நாக்ளர் என்றால் பல மடங்கு விலை.

ஆகவே என் யோசனை: எஸ்விபோனி முதலான பெயர்களில் வரும் 66 பாகை வரிசையில் 6 மி.மீ. ஒன்று மட்டும் வாங்குங்கள். சில ஆயிரத்துக்குள் முடியும். கண்ணைச் சுமார் 15 மி.மீ. தள்ளி வைத்தே பார்க்கலாம், பிள்ளைகளுக்கு நிம்மதி. அதே வரிசையின் 20 மி.மீ. வேண்டாம், ஓரம் சுமார்தான். கோலிமேஷனுக்கு ஒரு செஷயர் குழாய் வாங்குங்கள். மீதிப் பணம் கையிலேயே இருக்கட்டும். ஒரு வருடம் பார்த்த பிறகு உங்களுக்குக் கோள் பிடிக்கிறதா, நெபுலா பிடிக்கிறதா என்று தெரியும். அப்போது ஐயா சொல்லும் பெரிய ஐபீஸைப் பற்றிப் பேசுவோம். என்னிடம் 6 மி.மீ. இருக்கிறது. வாங்கும் முன் என்னுடையதைப் போட்டுப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன்.

கேட்டவர்: திருநகர் மாடி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. போலக்ஸை வைத்துப் பார்த்ததில் கரும்புள்ளி நன்றாகவே ஒதுங்கியிருந்தது. பின்கண்ணாடியின் மூன்று திருகுகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவந்தேன். காஸ்டர் இரண்டாகப் பிரிந்தது! இடத்தையும் மாற்றினேன், எதிர்வீட்டுக் காலி மனையில் மண்தரை. அதே 10 மி.மீ.யில் வியாழனின் இரண்டு பட்டைகளும் பிசிறில்லாமல் நின்றன. ஒத்தக்கடை அண்ணன் கொண்டுவந்த 6 மி.மீ.யைப் போட்டபோது இடையிடையே காற்று அடங்கிய நேரத்தில் ஒரு பட்டையின் ஓரம் கிழிந்தது போலிருப்பது தெரிந்தது. நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கண்ணை எடுக்காமல் நான்கு நிலாக்களையும் எண்ணிச் சொன்னாள்.

6 மி.மீ. ஆர்டர் போட்டுவிட்டேன். செஷயரும் வருகிறது. பேரையூர் ஐயா, சித்திரையில் ஒமேகா சென்டாரி பார்க்க உங்கள் பக்கம் வரலாமா? அந்த 13 மி.மீ.யில் ஒருமுறை பார்க்க வேண்டும். இன்னொரு கேள்வி: ஐபீஸை எப்படிப் பத்திரப்படுத்துவது? பழைய பைனாகுலர் ஒன்று பூஞ்சை பிடித்துப் போயிற்று.

பதில்: பேரையூர்ப் பக்கம்

தாராளமாக வாருங்கள். அமாவாசையை ஒட்டி வந்தால் நல்லது. உங்கள் டெலஸ்கோப்பையும் எடுத்து வாருங்கள், நாக்ளரை எஃப் 8-இல் போட்டு நீங்களே ஒப்பிடலாம்.

பூஞ்சைக்குப் பயப்பட வேண்டியது ஐப்பசி, கார்த்திகை மழையில்தான். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், ஜெல் நிறம் மாறினால் வறுத்துத் திரும்பப் போடுங்கள். பனியில் நனைந்த ஐபீஸை உடனே மூடி போட்டு அடைக்க வேண்டாம், காயட்டும். தூசியை ஊதுகுழலால் ஊதி எடுத்த பிறகுதான் துணி வைக்க வேண்டும். சட்டை நுனியால் மட்டும் துடைக்கவே கூடாது. பிள்ளைகளின் கண்மை பட்டால் லென்ஸ் தாளில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒற்றி எடுங்கள். சொட்டைத் தாளில்தான் விட வேண்டும், வில்லை மேல் நேராக விட்டால் உள்ளே இறங்கிவிடும்.