தேஜஸ் கட்டினேன்: ஓடுபாதை தீரும்வரை மூக்கு எழவில்லை, எழுந்ததும் குட்டிக்கரணம். உதவி தேவை

தாம்பரம்_லோக்கல்:
எல்லோருக்கும் வணக்கம். சிம்பிள்பிளேன்ஸில் (நாமே விமானம் கட்டிப் பறக்கவிடும் கேம்) நம்ம இந்தியப் போர் விமானம் தேஜஸ் மார்க் 1 கட்டிக்கொண்டிருக்கிறேன். 2024 அக்டோபரில் மெரினாவில் விமானப்படை சாகசம் நடந்தபோது தலைக்கு மேலே அது போனதைப் பார்த்ததிலிருந்து பிடித்த பைத்தியம். பெரும்பாலும் தாம்பரம் - கடற்கரை ரயிலில் உட்கார்ந்து போனில் கட்டியதுதான். ஜாய்ஸ்டிக் எல்லாம் கிடையாது.

தோற்றத்தில் குறை சொல்ல முடியாது. நீளம் 13.2 மீட்டர், இறக்கையின் அகலம் 8.2 மீட்டர், முன்விளிம்பில் கோணம் மாறும் அந்த முறிவு வரைக்கும் சரியாக வந்திருக்கிறது. பறப்பதில்தான் தகராறு.

முழு த்ராட்டில் கொடுத்து 300 கிலோமீட்டர் வேகம் தாண்டினாலும் மூக்கு அசைவதில்லை. ஸ்டிக்கைக் கடைசிவரை இழுத்துப் பிடித்துக்கொண்டே ஓட வேண்டியிருக்கிறது. ஓடுபாதை தீரும் இடத்தில் ஒருவழியாக எழும். எழுந்த கணமே மூக்கு வானத்தைப் பார்த்து, பின்பக்கமாகப் புரண்டு, வால் முதலில் தரையில். எப்போதாவது தப்பித்து மேலே போனாலும் லேசாக இழுத்தால் அதே கூத்து.

நீலப் பந்தை (தூக்குவிசை மையம்) சிவப்புப் பந்துக்கு (நிறை மையம்) சற்று முன்னால் வைத்திருக்கிறேன். தெரிந்தேதான் வைத்தேன், நிஜ தேஜஸும் நிலைத்தன்மை குறைவாக வடிவமைக்கப்பட்டதுதானே. நிஜம் மாதிரியே வேண்டும். இறக்கையைப் பெரிதாக்கு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

காகித_ராக்கெட்:
இறக்கையைப் பெரிதாக்குங்க ப்ரோ.

சரி சரி, விளையாட்டுக்குச் சொன்னேன். எலிவான் (மூக்கைத் தூக்க, இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் திரும்பும் பகுதி) எத்தனை டிகிரி திரும்புகிறது? பின் சக்கரம் எங்கே? எரிபொருள் எங்கே? இது மூன்றும் தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

தாம்பரம்_லோக்கல்:
எலிவான் 45 டிகிரி. பின் சக்கரம் கிட்டத்தட்ட இறக்கையின் பின்விளிம்புக்கு நேராக இருக்கிறது, எழும்போது வால் தரையில் இடிக்கக்கூடாது என்று. எரிபொருள் காக்பிட்டுக்கு ஒட்டிப் பின்னால் இருக்கும் துண்டுகளில்.

குரோம்பேட்டை_ஏரோ:
தம்பி, இங்கே இரண்டு பிரச்சினை இருக்கிறது. ஒன்று இன்னொன்றை மறைத்துக்கொண்டு நிற்கிறது.

தரையில் ஓடும் விமானம் மூக்கைத் தூக்கும்போது பின் சக்கரத்தை அச்சாக வைத்துத்தான் சுழலும், சிவப்புப் பந்தை வைத்து அல்ல. உங்கள் சக்கரம் அவ்வளவு பின்னால் இருப்பதால், அதற்கு முன்னால் உள்ள மொத்த எடையையும் எலிவான் நெம்பித் தூக்க வேண்டும். எலிவானோ சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது, நெம்புகோலுக்கு நீளமே இல்லை. போதாததற்கு, எலிவான் மேலே திரும்பும்போது இறக்கையின் தூக்குவிசையும் கொஞ்சம் குறையும். தனியாகக் கிடைமட்ட வால் இல்லாத டெல்டாவுக்கு (முக்கோண இறக்கை விமானம்) கூடப் பிறந்த தொல்லை இது.

வேகம் ஏறி ஏறி ஒருவழியாகச் சக்கரம் தரையை விட்டதும் அச்சு சட்டென்று சிவப்புப் பந்துக்கு மாறிவிடுகிறது. அந்த நேரம் பார்த்து ஸ்டிக் முழுதாக இழுபட்டிருக்கிறது, எலிவான் 45 டிகிரியில் நிற்கிறது, நெம்புகோல் ஒரே கணத்தில் நீண்டுவிட்டது, நீலப் பந்தும் முன்னால். கரணம் அடிக்காமல் என்ன செய்யும்?

முதலில் சக்கரத்தை முன்னுக்குக் கொண்டு வாருங்கள். பக்கவாட்டில் பார்க்கும்போது சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து செங்குத்தாக ஒரு கோடு, அங்கிருந்தே சிவப்புப் பந்துக்கு இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே 15 டிகிரி வந்தால் போதும். வால் இடிக்கும் என்றால் காலை நீட்டுங்கள், பின்னுக்குத் தள்ளாதீர்கள். தினமும் திரிசூலம் ஸ்டேஷனைத் தாண்டித்தானே போகிறீர்கள்? எதிரே இறங்கும் விமானங்களைக் கவனியுங்கள். எதிலாவது பின் சக்கரம் வால் பக்கம் இருக்கிறதா?

எலிவானை 20 டிகிரிக்குக் குறையுங்கள். எரிபொருள் முன்னால் இருப்பதால், எரிய எரிய சிவப்புப் பந்து பின்னால் நகரும். டிசைனரில் (கேமில் விமானம் கட்டும் திரை) தொட்டியைக் காலியாக்கிவிட்டு ஒருமுறை பாருங்கள், நான் சொல்வது புரியும். தொட்டியைச் சிவப்புப் பந்துக்கு மேலேயே நிற்கிற மாதிரி நடுவில் வையுங்கள். கடைசியாக, மூக்கில் இருக்கும் ரேடார் கூம்பின் எடையை ஏற்றி, தொட்டி நிரம்பியிருந்தாலும் காலியாக இருந்தாலும் நீலப் பந்து சிவப்புக்குப் பின்னாலேயே இருக்கும்படி செய்யுங்கள்.

இன்னொன்று: முன்விளிம்பின் முறிவை ஃபியூஸலாஜ் (உடல்பகுதி) துண்டால் செய்திருந்தால் அது வெறும் அலங்காரம். இந்த கேமில் இறக்கைத் துண்டு மட்டும்தான் தூக்குவிசை தரும்.

எலிவான்_ஏகாம்பரம்:
அண்ணன் சொன்னதில் சக்கரம் பற்றிய பகுதிக்குக் கைதட்டல். ஆனால் நீலப் பந்தைப் பின்னால் தள்ளிவிட்டால் அது தேஜஸ் இல்லை, மிராஜ் 3 (பழைய பிரெஞ்சு டெல்டா). கேட்டவர் நிஜம் வேண்டும் என்கிறார்.

நிஜ தேஜஸில் விமானி ஸ்டிக்கை இழுத்தால் எலிவான் நேரடியாகத் திரும்பாது. "மூக்கு இவ்வளவு வேகத்தில் எழ வேண்டும்" என்ற கட்டளை கணினிக்குப் போகும், எலிவானை எவ்வளவு திருப்புவது என்பதைக் கணினி முடிவு செய்யும். துடைப்பத்தை உள்ளங்கையில் நிமிர்த்தி நிறுத்துகிறவர் கை ஓயாமல் அசைவதைப் போல அது ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கும். நான்கு தடங்கள் கொண்ட டிஜிட்டல் ஃப்ளை பை ஒயர் (கணினி வழிக் கட்டுப்பாடு) இதற்காகத்தான். 2001 ஜனவரி 4இல் பெங்களூரில் முதன்முதலாகப் பறப்பதற்கு முன்பே, 1996இல் அமெரிக்காவின் எஃப்-16 விஸ்டா விமானத்தில் தேஜஸின் கட்டுப்பாட்டு விதிகளை ஏற்றிச் சோதித்தார்கள். அவர்கள் அவ்வளவு பாடுபட்ட இடத்தை வெறும் பந்தை நகர்த்தித் தாண்ட முடியாது.

கேமில் இதற்கு ஃபங்கி ட்ரீஸ் (துண்டுகளின் இன்புட்டில் சூத்திரம் எழுதும் வசதி) இருக்கிறது. எலிவானின் இன்புட்டில் வெறும் பிட்ச் (ஸ்டிக்கை முன்பின் அசைக்கும் அளவு) என்று விடாமல் பிஐடி ஃபங்ஷனைப் போடுங்கள், இலக்குக்கும் நடப்புக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துத் தானே திருத்தும் சூத்திரம் அது. இலக்கு: ஸ்டிக் அளவு பெருக்கல் 20. தற்போதைய மதிப்பு: பிட்ச் ரேட் (மூக்கு ஏறி இறங்கும் வேகம்). அடுத்த மூன்று எண்களில் முதல் எண்ணைச் சின்னதாகவும் மற்ற இரண்டைச் சுழியமாகவும் வைத்துத் தொடங்குங்கள். மூக்கு படபடவென்று ஆடத் தொடங்கும்வரை முதல் எண்ணை ஏற்றி, அதில் பாதியில் நிறுத்துங்கள். ஸ்டிக்கை விட்டதும் ஆட்டம் அடங்குவதற்குப் பதில் பெருகினால் குறி மாறியிருக்கிறது, கழித்தல் போடுங்கள். மொத்தத்தையும் கிளாம்ப் வைத்து ஒன்றுக்கும் கழித்தல் ஒன்றுக்கும் இடையே அடக்க மறக்காதீர்கள்.

குரோம்பேட்டை_ஏரோ:
ஏகாம்பரம் சொல்வது சரிதான், ஆனால் வரிசை முக்கியம். முதலில் நிலையான விமானமாகப் பறக்கட்டும். அப்புறம் நீலப் பந்தை இம்மியிம்மியாக முன்னால் நகர்த்துங்கள். தவறான சக்கரத்தோடு பிஐடி போட்டால் எந்தக் கோளாறு எதிலிருந்து வருகிறது என்றே தெரியாது. போன் திணறி ஃபிரேம் குறைந்தாலும் பிஐடி நடுங்கும், அதையும் மனதில் வையுங்கள்.

தாம்பரம்_லோக்கல்:
அண்ணா, சக்கரத்தை நகர்த்தியதும் ஓடுபாதையின் பாதியிலேயே மூக்கு எழுந்துவிட்டது, அதுவும் ஸ்டிக்கைப் பாதி இழுத்ததற்கே. நீலப் பந்து பின்னால் இருக்கும்வரை சாதுவாகப் பறக்கிறது. இப்போது பிஐடியோடு பந்தை மெதுவாக முன்னுக்குக் கொண்டுவருகிறேன். திருப்பும்போது முன்னைவிடச் சுறுசுறுப்பு கூடுவது நன்றாகவே தெரிகிறது. ஏகாம்பரம் அண்ணாவுக்கும் நன்றி, கழித்தல் குறிதான் போட வேண்டியிருந்தது.

மிச்சம் இரண்டு. கடல் மட்டத்திலேயே மாக் 2 (ஒலியைப் போல் இருமடங்கு வேகம்) போகிறது. ஆஃப்டர்பர்னர் (எஞ்சினுக்குக் கூடுதல் உந்துவிசை தருவது) போட்டால் மூக்கு தானாகக் கீழே குனிகிறது.

காகித_ராக்கெட்:
குனிவதற்கு மஞ்சள் பந்தை (உந்துவிசை மையம்) பாருங்க. எஞ்சினின் உந்துவிசை சிவப்புப் பந்துக்கு மேலே போகிறது. எஞ்சினைக் கொஞ்சம் இறக்கினால் போதும்.

வேகத்துக்கு எஞ்சின் பவர் காரணம். நிஜத்தில் இருப்பது ஜிஇ எஃப்404-ஐஎன்20, ஆஃப்டர்பர்னரோடு சுமார் 85 கிலோநியூட்டன். ஆயுதம் எதுவும் மாட்டாமல் எழும்பும்போது எடை சுமார் 9,800 கிலோ. அதாவது உந்துவிசை எடையைவிடக் குறைவு. அதனால் நேர்செங்குத்தாக ஏறினால் வேகம் குறைந்துகொண்டே வர வேண்டும். அப்படி ஆகும்வரை பவரைக் குறையுங்க. அப்புறம் டிராக் ஸ்கேலை (காற்றுத் தடையின் அளவு) ஏற்றி, உயரத்தில் மாக் 1.6 பக்கம் நிற்கிற மாதிரி பாருங்க. எடையையும் நிஜ எடைக்கு முதலில் கொண்டு வாங்க, இல்லையென்றால் இந்தக் கணக்கே வீண்.

ரிச்சித்தெரு_ராஜா:
தாமதமாக வருகிறேன். ஜாய்ஸ்டிக் இல்லை என்று படித்தேன். ரிச்சி தெருவுக்கு (சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதி) போனால் பழைய யூஎஸ்பி ஸ்டிக் பேரம் பேசி வாங்கலாம். போனில் ஓடிஜி (யூஎஸ்பி சாதனங்களைப் போனில் மாட்டும் இணைப்பு) வழியாக எடுக்கிறதா என்று கடையிலேயே மாட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

தாம்பரம்_லோக்கல்:
பவர், எஞ்சின் இரண்டும் சரியாகிவிட்டது. இறங்கும்போது மட்டும் ஓடுபாதைக்கு மேலே மிதந்துகொண்டே போகிறது, உட்காரவே மாட்டேன் என்கிறது.

குரோம்பேட்டை_ஏரோ:
வேகம் அதிகம். டெல்டாவை மூக்கைத் தூக்கிய நிலையிலேயே கொண்டுவர வேண்டும். மூக்கை அப்படியே பிடித்துக்கொண்டு, எவ்வளவு சீக்கிரம் இறங்குவது என்பதை த்ராட்டிலால் பார்த்துக்கொள்ளுங்கள். பின் சக்கரம் தொட்ட பிறகும் மூக்கை உடனே கீழே போடாதீர்கள், அந்த இறக்கையே பிரேக் மாதிரி வேலை செய்யும்.