விகேரியன்ஸ்: தடைப்பிரிவா, வேறுவைப்பா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

காரைக்குடியிலிருந்து வணக்கம். ஓர் இனம் வாழும் பரப்பின் நடுவே தடை ஒன்று எழுந்து, அதை இரண்டு கூட்டங்களாக்கி, காலப்போக்கில் அவை தனித்தனி இனங்களாவதை உயிரியலில் விகேரியன்ஸ் (vicariance) என்கிறார்கள். அதற்கு இந்த இழையில் மூன்று தமிழ்ச் சொற்கள் வந்திருக்கின்றன. தஞ்சை ஐயா ‘பதிலினம்’ என்றார். யாழ்ப்பாணத்து அம்மா ‘தடைப்பிரிவு’ என்றார். நான் ‘வேறுவைப்பு’ என்றேன். ‘இது செட்டிநாட்டு வீட்டு வழக்கு, பாடநூலுக்கு ஒவ்வாது’ என்று மறுப்பு எழுந்திருக்கிறது. அதற்கு விரிவாகவே பதில் எழுத வேண்டும்.

பதிலினம் எனக்கு உடன்பாடில்லை. இலத்தீன் வேருக்கு ‘ஒருவருக்குப் பதிலாக நிற்பவர்’ என்று பொருள் இருப்பது உண்மைதான். ஆனால் இந்த மலையில் ஓர் இனம், அடுத்த மலையில் அதற்கு மாற்றாக அதன் உறவினம் என்ற நிலையை மட்டுமே அது காட்டுகிறது. அந்த நிலை எப்படி வந்தது என்பதற்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

தடைப்பிரிவு அப்படி ஒதுக்கக்கூடிய சொல் அல்ல. காரணமும் விளைவும் அதில் இருக்கின்றன. என் தயக்கமெல்லாம் ‘பிரிவு’ என்ற பாதியில்தான். பிரிதல் தன்வினை. அகப்பாடல் படித்த காதுக்குப் பிரிவு என்றாலே யாரோ கிளம்பிப் போகிறார், யாரோ வாசலில் நிற்கிறார். விகேரியன்ஸில் எந்த உயிரும் கிளம்பவில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. நடுவில் கடல் புகுகிறது, நிலம் எழுகிறது, மழை குறைந்து காடு காய்கிறது. பிரித்தவை நிலமும் வானமும். ஆகவே சொல் பிறவினையாக இருக்க வேண்டும்.

பனாமாவில் நடந்ததைப் பாருங்கள். சுமார் 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கே நிலம் முழுதும் எழுந்து, ஒன்றாக இருந்த கடலைப் பசிபிக் என்றும் கரீபியன் என்றும் இரண்டாக்கியது. கொடுக்கைச் சொடுக்கி ஒலி எழுப்பும் சிறிய இறால்கள் இரு பக்கமும் மாட்டிக்கொண்டன. நான்சி நோல்டனும் உடன் ஆய்வாளர்களும் இரு கரை இறால்களையும் சேர்த்து வைத்துச் சோதித்து, 1993இல் முடிவை வெளியிட்டார்கள். தோற்றத்தில் அவ்வளவு ஒத்திருந்த இறால்கள் ஒன்றையொன்று பெரும்பாலும் ஏற்கவில்லை. பொரிக்கக்கூடிய முட்டை அரிதாகவே கிடைத்தது. எந்த இறாலும் எங்கும் போகவில்லை என்பதை மறந்துவிட வேண்டாம்.

‘நிலப்பிளவு’ என்றே வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். அதை நான் ஏற்காததற்குக் காரணம் நம் வாசலிலேயே இருக்கிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை ஆழமில்லாதது; அன்று அது தரை. தொண்டிக் கரையிலிருந்து இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். இப்படி நிலம் இணைந்ததும் கடல் மூடியதும் பலமுறை நடந்திருக்கிறது. அப்படியானால் இரு பக்கத்துத் தவளைகளும் நண்டுகளும் கலந்திருக்க வேண்டும் அல்லவா? ஃபிராங்கி போசூட்டும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட மரபணு ஆய்வு வேறு விதமாகச் சொன்னது. இலங்கையின் ஈரக்காட்டுத் தவளை, பாம்பு, நன்னீர் நண்டு வகைகளில் பெரும்பாலானவை நெடுங்காலமாகத் தனிக் கிளைகளாகவே இருந்து வந்திருக்கின்றன.

நிலம் இருந்தும் ஏன் கடக்கவில்லை? நடுவில் கிடந்த வறண்ட சமவெளியைத்தான் முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். அந்தச் சமவெளியில்தான் நான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஊருக்கு ஊர் ஊரணி வெட்டி மழைநீரைத் தேக்கினால்தான் குடிக்க முடியும் என்றிருந்த செம்மண் பூமி இது. தோல் எப்போதும் நனைந்திருக்க வேண்டிய ஒரு மலைத்தவளைக்கு நம் பொட்டல், கடலுக்குச் சமம். வறட்சியைத் தாங்கும் சாம்பல் தேவாங்கு இரு நாட்டிலும் இருக்கிறது. செந்தேவாங்கோ இலங்கையின் ஈரக்காட்டில் மட்டும் இருக்கிறது. எனவே ‘நிலம்’, ‘பிளவு’, ‘கடல்’ எதையும் சொல்லுக்குள் பூட்டிவிடக் கூடாது. காலநிலையும் பிரிக்கும்.

இனி என் சொல். மணமான மகனையும் மருமகளையும் தனியாகச் சமைக்க வைப்பதை நகரத்தார் ‘வேறு வைப்பது’ என்பார்கள். அவர்கள் வேறு போவதில்லை. பெரியவர்கள் வேறு வைக்கிறார்கள். அந்த வினைதான் எனக்குப் பிடித்தது. அதே முகப்பு, அதே வளவு, அடுப்பு மட்டும் தனி. எங்கள் அப்பத்தா இரண்டு மருமகள்களுக்கும் ஒரே கைப்பக்குவத்தைத்தான் கற்றுக்கொடுத்தார். என் ஆத்தாவின் குழம்பில் கல்பாசி கூடிக்கொண்டே போனது. நான்கடி தள்ளியிருந்த அடுப்பில் சின்னம்மா சோம்பைக் கூட்டிக் கல்பாசியை விட்டேவிட்டார். இருபது ஆண்டுகளில் கண்ணை மூடிக்கொண்டு ருசித்தாலும் எது யார் வைத்தது என்று சொல்லிவிடலாம். கப்பலேறி பர்மாவுக்குக் ‘கொண்டுவிக்க’, அதாவது தொழில் செய்யப் போனார்களே, அது வேறு கதை; உயிர்கள் தாமே அப்படி இடம்பெயர்வதற்கு உயிரியலில் ‘பரவல்’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. இந்த இரண்டும் குழம்பக் கூடாது.

தஞ்சை ஐயா ஒரு குறையைச் சரியாகச் சுட்டினார்: வேறு வைத்த பின்னும் ஒரே வீட்டில் முகம் பார்த்துக்கொள்கிறார்கள், விகேரியன்ஸில் தொடர்பே அறுந்துவிடுகிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கே அறுவது உலைதான். ஓர் இனத்தின் மரபணுக்கள் கலக்கிற உலை இரண்டாகிவிட்டது என்பதே விகேரியன்ஸின் சாரம்.

யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். நாங்கள் இயற்பியல் என்பதை நீங்கள் பௌதிகவியல் என்கிறீர்கள். எங்கள் வேதியியல் உங்களுக்கு இரசாயனவியல். இந்த ஒரு சொல்லிலாவது இரு கரையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ‘வேறுவைப்பு’ உங்கள் மாணவர்களுக்கு விளங்காது என்றால், ‘தடைப்பிரிப்பு’ என்று ஒரே ஓர் எழுத்தை மாற்றிப் பிறவினையாக்கித் தாருங்கள். என் சொல்லை விட்டுவிட்டு அதற்கே வாக்களிக்கிறேன்.

இரண்டையும் இந்த வாக்கியத்தில் பொருத்திப் படித்துப் பார்த்து எழுதுங்கள்: “நீலகிரிச் சோலைக்கிளியும் ஆனைமலை, பழனி மலைகளின் வெண்வயிற்றுச் சோலைக்கிளியும் பாலக்காட்டுக் கணவாயால் நிகழ்ந்த வேறுவைப்புக்கு எடுத்துக்காட்டு.” பெயரில் கிளி இருந்தாலும் இவை கிளிகள் அல்ல, சிறு பாடும் பறவைகள். அந்தப் பறவைகளின் பேரினத்துக்கு 2017இல் ‘ஷோலிகோலா’ என்று பெயரிட்டபோது நம் ‘சோலை’யைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து