மறு: ‘பேக்டெஸ்டிங்’ என்பதற்குத் தமிழ்ச்சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பங்கு வணிக விதி ஒன்றைப் பழைய விலைகளின் மீது ஓட்டிப் பார்க்கும் பேக்டெஸ்டிங் என்பதற்குச் சென்ற வாரம் இங்கே முன்வைக்கப்பட்ட ‘பின்சோதனை’, ‘வெள்ளோட்டம்’ ஆகிய இரண்டு சொற்களையும் என் பயிற்சிக் குறிப்பேட்டில் இட்டு எழுதிப் பார்த்தேன். இரண்டும் பொருந்தவில்லை என்பது என் கருத்து. நான் நிரலாளன் அல்லன். சேலம் லீ பஜாரில் மஞ்சள் மண்டி ஒன்றில் பல ஆண்டுகள் கணக்கு எழுதியவன். ஐந்து மாதங்களாகத்தான் பங்கு வணிகத்திற்கான நிரல்களைப் பைத்தான் என்னும் நிரல்மொழியில் எழுதக் கற்று வருகிறேன். மாறி (வேரியபிள்), செயற்கூறு (ஃபங்ஷன்), வழு (பக்) போன்ற சொற்கள் தமிழில் முன்பே இருந்தமையால்தான் முதல் பாடங்களை என்னால் கடக்க முடிந்தது.

வாங்குவதற்கும் விற்பதற்கும் நாம் வகுத்த விதியை நிரலாக்கி, பல ஆண்டு விலைப்பட்டியலின் மீது நாள்வாரியாக ஓட்டி, அந்த விதிப்படி நடந்திருந்தால் கையில் எவ்வளவு நின்றிருக்கும் என்று கணக்கிடுவதே இந்தச் சோதனை. இதில் நான் செய்த பிழை ஒன்றைச் சொன்னால், சொல் எப்படி அமைய வேண்டும் என்று நான் கருதுவது விளங்கும். ஒரு பங்கின் முடிவு விலை அதன் இருபது நாள் நகரும் சராசரிக்கு, அதாவது கடைசி இருபது நாள் முடிவு விலைகளின் சராசரிக்கு, மேலே சென்றால் வாங்க வேண்டும் என்பது என் விதி. நிரலோ, அன்றைய முடிவு விலையைப் பார்த்து, அன்றைய தொடக்க விலையிலேயே வாங்கிவிட்டது. தேசியப் பங்குச் சந்தையில் முடிவு விலை தெரிவது பிற்பகல் 3:30 மணிக்குப் பிறகு. தொடக்க விலையோ காலை 9:15 மணிக்கு உரியது. மாலையில் தெரியப்போவதை அறிந்துகொண்டு காலையில் வாங்கியவனுக்கு இலாபம் வராமல் என்ன செய்யும்? பைத்தானில் தரவுகளைக் கையாள உதவும் பாண்டாஸ் நிரலகத்தின் ‘ஷிஃப்ட்’ செயற்கூற்றால் வாங்கும் குறிப்பை ஒரு நாள் தள்ளி வைத்து, தரகையும் பங்குப் பரிவர்த்தனை வரியையும் கழித்தபோது, மூன்று நாள்கள் நான் மகிழ்ந்திருந்த இலாபம் முழுவதும் மறைந்துவிட்டது. ஆகவே, சென்று முடிந்த ஒரு நாளில் நிற்கிறோம் என்பதைச் சொல்லே மாணவருக்கு உணர்த்த வேண்டும்.

‘பின்சோதனை’ அதை உணர்த்தவில்லை. தமிழில் காலத்தைக் குறிக்கும்போது ‘முன்’ என்பது கடந்ததையும் ‘பின்’ என்பது வரப்போவதையும் சுட்டும்: முன்னோர், முன்னொரு காலம், பின்னாளில், பின்விளைவு. எனவே பின்சோதனை என்றால், பிறகு செய்யப்படும் சோதனை என்றே புதியவர் கொள்வார். சரி, ‘முன்சோதனை’ என்று திருப்பிவிடலாமா என்றால், அது முன்கூட்டியே செய்யும் சோதனையாகிவிடுகிறது. திசையைக் காட்டும் இவ்விரு சொற்களையும் இங்கே தவிர்ப்பதே நல்லது.

‘வெள்ளோட்டம்’ அழகான சொல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வெள்ளோட்டம் என்பது புதுத்தேரைச் சுவாமி எழுந்தருளாமல் இன்றைய வீதியில் ஓட்டிப் பார்ப்பது. வீதியின் மேடுபள்ளம் மெய்யானது, தேர் மட்டும் வெறுமையானது. நடப்புச் சந்தை விலையில், பணம் போடாமல் ஆணையிட்டுப் பழகுகிறோமே, அந்தப் பேப்பர் டிரேடிங்கிற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. அதற்கென்றே இதை வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைகளை ஒட்டியே வாழ்ந்தவன் ஆதலால், உரைகல்லை நினைத்து ‘உரைப்பு’ என்றும் எண்ணினேன். ஆயினும் கணினித் தமிழில் ‘உரை’ என்பது டெக்ஸ்ட் என்று நிலைபெற்றுவிட்டது. ‘பழவிலைச் சோதனை’ என்பதோ மாம்பழம் விளையும் இவ்வூரில் வேறு பொருள் தரும். ஆங்கிலச் சொல்லையே ஒலிபெயர்த்து எழுதலாம் என்றும் ஒருவர் கூறியிருந்தார். இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் 1916ஆம் ஆண்டிலேயே அறிவியல் கலைச்சொற்களுக்காகக் கழகம் தொடங்கிய ஊரிலிருந்து எழுதும் எனக்கு, முயலாமலே விட்டுவிட மனம் வரவில்லை.

என் பரிந்துரை: ‘கடந்தவிலைச் சோதனை’.

அன்புடன்,
செவ்வாய்ப்பேட்டையிலிருந்து

*

ஐயா, வணக்கம்.

முன், பின் பற்றித் தாங்கள் எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் தங்கள் சொல்லில் எனக்கு ஒரு தடை உண்டு. தங்கள் விதியையே தமிழில் எழுதிப் பாருங்கள்: ‘சராசரியைக் கடந்த விலை’. வணிக நிரல்களில் ஒரு கோட்டை விலை கடப்பது அடிக்கடி வரும் நிகழ்வாகையால், ‘கடந்தவிலை’ என்றதும் படிப்பவர் எந்தக் கோட்டைக் கடந்த விலை என்று தேடுவார். அன்றியும், எங்கள் ஏற்காட்டுத் தோட்டத்து அராபிகாக் காப்பிக்காக நியூயார்க் சந்தையின் பழைய தரவை நான் ஓட்டிப் பார்க்கும்போது, விலையோடு வணிக அளவையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன். விலை என்று மட்டும் சொன்னால் அது விடுபடுகிறது. ‘சென்ற ஆண்டு’, ‘சென்ற வாரம்’ என்று எல்லாரும் வழங்குவதால், ‘சென்றகாலச் சோதனை’ என்று வைக்கலாமா?

இங்ஙனம்,
ஏற்காட்டிலிருந்து

*

அம்மா, தங்கள் தடை முற்றிலும் சரியானது. எனக்கு அது தோன்றவே இல்லை. ‘சென்றகாலச் சோதனை’ என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ‘சென்றகாலத்தில் சோதித்தேன்’, ‘சென்றகாலத் தரவு’, ‘சென்றகாலத்தில் மட்டும் வென்ற விதி’ என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன், எவ்விடத்திலும் இடறவில்லை. என் நிரல்களின் குறிப்புரைகளை இன்றிரவே மாற்றிவிடுகிறேன்.

இன்னும் ஒன்று எஞ்சியுள்ளது. நான் செய்த அந்தப் பிழைக்கு, அதாவது மாலை விலையைக் காலையிலேயே நிரலுக்குக் காட்டிவிட்டதற்கு, ஆங்கிலத்தில் லுக் அஹெட் பயஸ் என்கிறார்கள். இங்கும் ‘முன்’ என்று தொடங்கினால் பழைய குழப்பமே வரும். ‘வருகாலக் கசிவு’ என்று குறித்து வைத்திருக்கிறேன்: வரவேண்டிய காலத்துச் செய்தி சென்றகாலத்திற்குள் கசிந்துவிடுகிறது என்பது பொருள். இதிலும் தடை இருந்தால் தெரிவியுங்கள்.